ஒரு வாளி வெந்நீர் நீராடல் ஆகுமா?

நீராடலைச் சமயக் கடமையாகக் கொண்ட மரபுகள் எல்லாவற்றிலும் மூன்று கேள்விகள் எழுந்திருக்கின்றன. எவ்வளவு நீர் வேண்டும்? எந்த நீர் தகும்? காயவைத்த நீரில் குளித்தால் கடமை நிறைவேறுமா? திருப்பூர் வட்டாரத்தில் இவை அன்றாடக் கேள்விகள். ஒரே காம்பவுண்டுக்குள் எதிரெதிராக நிற்கும் லைன் வீடுகளில் பல குடித்தனங்களுக்குச் சேர்த்து ஓரிரு குளியலறைகள்தான் இருக்கும். தொட்டியில் நிற்பது போர்வெல் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் சில நாட்களுக்கு ஒருமுறை வரும். அது குடங்களிலும் டிரம்களிலும் அடைபட்டுவிடும். ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவில் பனியன் கம்பெனியை விட்டு வருபவரின் தலையிலும் கழுத்திலும் பஞ்சுத் தூசி படிந்திருக்கிறது. ஷவரும் கீசரும் இல்லாத குளியலறையில், கேஸ் அடுப்பில் காயவைத்த ஒரு குண்டான் வெந்நீரை வாளியில் ஊற்றிக் குளித்துவிட்டுத்தான் அவர் சாமி படத்துக்கு முன்னால் நிற்கிறார். அந்தக் குளியல் நீராடல்தானா, அல்லது அழுக்குப் போகக் கழுவிக்கொண்டது மட்டுமா என்பதற்குச் சமய நூல்களிலும் வழக்கங்களிலும் விரிவான விடைகள் உண்டு.

தர்ம சாஸ்திர நூல்கள் நீரைத் தரம் பிரித்தே தொடங்குகின்றன. ஓடும் ஆறு முதலில் வருகிறது. இயற்கையான ஏரி, சுனை, குளம், கிணறு என்று இறங்கி, பாத்திரத்தில் மொண்டு வைத்த நீர் கடைசியில் நிற்கிறது. வெந்நீருக்கு அதற்கும் கீழான இடம்தான். இறப்புத் தீட்டு, சங்கராந்தி, சிராத்தம் போன்ற நாட்களில் செய்யும் குளியலுக்குக் காயவைத்த நீர் ஆகாது என்று சில நூல்கள் சொல்கின்றன. நோயாளிக்கு மட்டும் விலக்கு உண்டு. இந்தத் தடைக்குப் பின்னால் ஒரு தெளிவான எண்ணம் இருக்கிறது. தீட்டைப் போக்கும் குளியல் சுகத்துக்காகச் செய்வதன்று. உடலைக் கொஞ்சம் வருத்தித்தான் ஆக வேண்டும்.

அதே நூல்கள்தான் மறுபுறம் பெரிய வாசலைத் திறந்து வைத்திருக்கின்றன. குளியல் ஏழு வகை என்பது அவற்றின் கணக்கு. நீரில் மூழ்குவது வாருணம். திருநீறு பூசிக்கொள்வது ஆக்னேயம். பசுக்கூட்டம் எழுப்பும் தூசி மேலே படுவது வாயவ்யம். மந்திரம் சொல்லி நீர் தெளித்துக்கொள்வது பிராமம். வெயில் அடிக்கும்போதே பெய்யும் மழையில் நனைவது திவ்யம். மண் பூசிக்கொள்வது பார்த்திவம். இறைவனை நினைப்பது மானசம். இவற்றில் ஒன்றுக்குத்தான் நீர் நிறைய வேண்டும். நீர் கிடைக்காதவர், எழுந்து நிற்க முடியாதவர், வழிப்பயணத்தில் இருப்பவர் ஆகியோரின் நிலையை எண்ணிப் பார்த்தவர்கள் வகுத்த பட்டியல் இது. கொங்கு நாட்டின் சைவக் குடும்பங்களில் காய்ச்சல்காரர் நெற்றியில் திருநீறு இட்டுவிட்டு, குளித்ததாகவே கருதிப் பூசையில் உட்கார வைக்கும் பழக்கம் இந்த எண்ணத்தைச் சார்ந்தது.

வெந்நீருக்கு ஆண்டில் ஒரு நாள் முதலிடமே கிடைக்கிறது. தீபாவளி விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது எண்ணெயில் திருமகளும் வெந்நீரில் கங்கையும் இருப்பதாக நம்பிக்கை. அன்று ஆற்றுக்குப் போகச் சொல்வதில்லை. வீட்டுப் பின்கட்டில் காயும் தவலை நீரே கங்கை. ‘கங்கா ஸ்நானம் ஆச்சா?’ என்று ஒருவரை ஒருவர் கேட்பது அந்த வாளித் தண்ணீரைப் பற்றித்தான். வெந்நீர் தாழ்ந்தது என்று சொன்ன மரபே அதைக் கங்கையாக்கியும் வைத்திருப்பதை முரண் என்று தள்ளிவிடக் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு வெந்நீரில்தான் போகும். ஐப்பசி விடியலின் குளிரில் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் வெந்நீர்தான் தாங்கும். உடலின் தேவையை ஏற்றுக்கொண்டு அதற்குப் புனிதத்தைக் கூட்டியிருக்கிறார்கள். மற்ற நாட்களில் வாளி நீருக்குள் கங்கை, யமுனை, கோதாவரி, சரசுவதி, நர்மதை, சிந்து, காவிரி ஆகிய ஏழையும் பெயர் சொல்லி அழைத்துவிட்டு முதல் சொம்பை ஊற்றிக்கொள்ளும் வழக்கமும் இதே வகையைச் சேர்ந்தது.

அந்த ஒரு வாளியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பதினைந்து லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் வாளி. குண்டானில் மூன்றரை லிட்டர் கொதிக்கிறது. 25 டிகிரியில் இருக்கும் பதினொன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீரோடு அதை விளாவினால் வாளி முழுவதும் 42 டிகிரியை ஒட்டி நிற்கும். உடம்புக்கு இதமான சூடு அது. இதற்குச் செலவாகும் கேஸ் சுமார் 40 கிராம். வாளி முழுவதையும் அடுப்பில் ஏற்ற வேண்டியதில்லை என்பதை அந்த வீடுகளில் எல்லாப் பெண்களும் கை அளவிலேயே அறிவார்கள். முதல் சொம்பு காலுக்கு, அடுத்தது தோளுக்கு. சோப்புப் போடும்போது ஊற்றுவதை நிறுத்திவிடுகிறார்கள். உப்புத் தண்ணீரில் நுரை வராது. வெள்ளைப் பிசுக்குத்தான் தோலில் ஒட்டும். ஆகவே மேலுக்கு உப்புத் தண்ணீரை வார்த்துவிட்டுக் கடைசி இரண்டு சொம்பு மட்டும் நல்ல தண்ணீர். தலைக்குக் குளிப்பது வெள்ளிக்கிழமைக்கென்று ஒதுக்கப்படுகிறது. வாளியில் கால்பங்கு மிச்சம் வைத்து அடுத்து வருபவருக்கு விட்டுச் செல்வதும் உண்டு. சாஸ்திரம் வகுத்த தரவரிசையில் கடைசியில் நிற்கும் இந்தக் குளியலில் இருக்கும் கவனமும் அடக்கமும் ஆற்றில் இறங்கிக் கும்மாளமிடும் குளியலில் பெரும்பாலும் இருப்பதில்லை.

விரதக் குளியல் வேறு கணக்கு. கார்த்திகை முதல் தேதி மாலை போட்டுக்கொள்ளும் ஐயப்ப பக்தர் 41 நாளும் காலையும் மாலையும் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறார். அங்கே குளிர்ந்த நீர்தான் நோன்பு. வெந்நீரில் குளித்தால் உடம்பு சுத்தமாகும், நோன்பு நிற்காது என்பது குருசாமிகளின் பொதுவான கருத்து. வேனில் அடுப்பும் சிலிண்டரும் ஏற்றிக்கொண்டு போகிற குழுக்கள்கூட வழியில் சமைக்கத்தான் அவற்றைப் பற்றவைக்கின்றன. ஆனாலும் கன்னிசாமியாக வரும் சிறுபிள்ளைக்கும் முதியவருக்கும் ஒரு பாத்திரம் வெந்நீர் வைத்துக் கொடுப்பதை யாரும் குற்றமாகச் சொல்வதில்லை. தைப்பூசத்துக்குத் தாராபுரம் வழியாகப் பழனிக்கு நடந்து போகிறவர்கள் அமராவதியிலோ வழியோரத் தோட்டத்துப் பம்புசெட் தொட்டியிலோ தண்ணி வார்த்துக்கொண்டு நடையைத் தொடர்கிறார்கள். ஆக, நீராடல் என்ற ஒரு பெயருக்குள் இரண்டு செயல்கள் இருக்கின்றன. ஒன்று தவம், மற்றொன்று தூய்மை. தவத்துக்குக் குளிர்ச்சி தேவை. தூய்மைக்கு அது தேவையில்லை. பகல் முழுவதும் தைத்தவரிடம் மேலும் உடலை வருத்தினால்தான் கடமை நிறைவேறும் என்று சொல்வது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதாகும்.

மற்றச் சமயங்கள் இந்தக் கேள்வியை வெவ்வேறு முனையிலிருந்து தொட்டிருக்கின்றன. இஸ்லாத்தில் அளவே முதலில் வருகிறது. நபிகள் நாயகம் ஒரு ‘முத்து’ அளவு நீரில், தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் ஒளுவைச் செய்வார், ஒரு ‘ஸாவு’ முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் முழுக்குளியல் முடிப்பார் என்று நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. நான்கு முத்து ஒரு ஸாவு. இன்றைய கணக்கில் ஏறத்தாழ மூன்று லிட்டர். திருப்பூர் வாளியில் அப்படி நான்கைந்து முழுக்குளியல் அடங்கிவிடும். நீரே இல்லாதபோது தூய மண்ணைத் தொட்டு முகத்தையும் கைகளையும் தடவிக்கொள்ளும் தயம்முமைக் குர்ஆனே அனுமதிக்கிறது. கிறித்தவ மரபின் மிகப் பழைய நூல்களில் ஒன்றான ‘டிடாக்கே’, முதல் நூற்றாண்டின் இறுதியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்டது. திருமுழுக்குக்கு ஓடும் நீரை முதலில் சொல்கிறது; அது இல்லையேல் வேறு நீர்; குளிர்ந்த நீர் இயலாவிட்டால் வெதுவெதுப்பான நீர்; இரண்டும் போதிய அளவு இல்லையேல் தலையில் மும்முறை ஊற்றினால் போதும் என்று முடிக்கிறது. வெந்நீர் செல்லுமா என்ற கேள்விக்கு இவ்வளவு நேரான பழைய விடை அரிது.

சமணம் மறுதிசையில் நிற்கிறது. நீருக்குள்ளும் உயிர்கள் உண்டு என்பதால் குளியலே வன்முறையாகிவிடும் என்று கருதி, திகம்பரத் துறவியரின் 28 அடிப்படை ஒழுக்கங்களில் நீராடாமையையும் ஒன்றாக வைத்திருக்கிறது. திருப்பூருக்குக் கிழக்கே விசயமங்கலத்தில் நிற்கும் பழைய சமணக் கோயில் கொங்கு நாட்டில் இந்தச் சிந்தனை வேரூன்றியிருந்ததற்குச் சான்று. எல்லோரும் குளிக்காமல் இருக்க வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் ஒரு சொம்பு நீரை ஊற்றுவதற்கு முன் அதனால் யாருக்கு என்ன ஆகிறது என்று கேட்க வைத்தது சமணம்தான்.

பௌத்தம் இக்கேள்வியை மனிதர்கள் பக்கம் திருப்புகிறது. பாகுகை என்னும் ஆற்றில் நீராடப் போவதில்லையா என்று சுந்தரிக பாரத்வாசர் கேட்டபோது, தீவினை செய்தவனை ஆற்று நீர் கழுவாது என்று புத்தர் விடையளித்ததாகப் பாலி மறை கூறுகிறது. பிக்குணிகளின் பாடல்தொகுப்பான தேரிகாதையில் வரும் புண்ணிகை தண்ணீர் சுமந்த அடிமைப்பெண். குளிரில் நடுங்கிக்கொண்டே ஆற்றில் மூழ்கும் பார்ப்பனரைப் பார்த்து, நீராடலால் வீடுபேறு கிடைக்குமென்றால் தவளையும் ஆமையும் முதலையும் அல்லவா முதலில் போயிருக்கும் என்று கேட்கிறாள். வினையை அடித்துக்கொண்டு போகும் ஆறு நல்வினையையும் சேர்த்தே அடித்துக்கொண்டு போய்விடுமே என்பது அவளுடைய அடுத்த வாதம். நீரைத் தலையில் சுமப்பவளுக்கு நீரைப் பற்றி மாயை இருக்காது. தமிழில் அப்பர் கங்கை, காவிரி, குமரி என்று தீர்த்தங்களை அடுக்கி, எங்கும் இறைவன் இருப்பதை உணராதவர்க்கு அவற்றில் ஆடுவதால் பயனில்லை என்று பாடினார். வள்ளுவர் நீரின் வேலையை உடம்போடு நிறுத்திவிட்டு, உள்ளத்தின் தூய்மையை வாய்மைக்குக் கொடுத்தார்.

பௌத்தத் துறவியரின் விதி நூலான விநயபிடகத்தில் வரும் இன்னொரு செய்தி இந்தப் பொருளுக்கு மிகவும் நெருக்கமானது. இராசகிருகத்தில் தபோதா என்ற வெந்நீர் ஊற்று உண்டு. பிக்குகள் அதில் நெடுநேரம் குளித்துக்கொண்டிருந்தார்கள். தலைக்குக் குளிக்க வந்த பிம்பிசார மன்னர் அவர்கள் எழும்வரை மரியாதையோடு காத்திருந்தார். இருட்டிய பிறகுதான் குளித்தார். திரும்பும்போது நகரக் கதவு சாத்தப்பட்டிருந்ததால் வெளியே தங்க நேர்ந்தது. இதை அறிந்த புத்தர் அரைமாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் குளிக்கலாகாது என்று விதித்தார். பிறகு அந்த விதிக்கு விலக்குகள் வந்தன: கோடை, காய்ச்சல், நோய், காற்றும் மழையும் அடிக்கும் காலம், வேலை செய்யும் காலம், வழிப்பயணம். வெந்நீரில் குளித்தது குற்றமாகவில்லை. பிறர் முறை வரவிடாமல் குளித்ததுதான் குற்றமாயிற்று. உழைப்பவருக்கும் பயணிக்கும் அந்த விதியே வழிவிட்டது. லைன் வீட்டுக் குளியலறை வாசலில் வாளியோடு நிற்கும் வரிசைக்கு இதைவிடப் பொருத்தமான சமய விதி வேறெங்கும் கிடைப்பது கடினம்.

இந்த இடத்தில் சாதியைச் சொல்லாமல் போனால் பொருள் பாதியாகிவிடும். வெந்நீரில் குளிக்கக் கூடாத நேரங்களைப் பட்டியலிடும் அதே நூல்கள், ‘தீண்டத்தகாதவர்’ என்று தாம் ஒதுக்கியவர்களைத் தொட்டதற்காகச் செய்யும் குளியலையும் அந்தப் பட்டியலில் சேர்க்கின்றன. தூய்மையைக் கேட்ட சமூகம் அந்த மக்களுக்குக் குளத்தையும் கிணற்றையும் மறுத்தது. 1927 மார்ச் 20 அன்று மகாடு சவுதார் குளத்தில் அம்பேத்கர் இறங்கி நீர் மொண்டு குடித்தது இந்த அநீதிக்கு எதிராகத்தான். குளம் பொதுவென்று நகராட்சி முன்பே அறிவித்திருந்தும், ஒரு கை நீருக்குப் போராட்டம் தேவைப்பட்டது. கொங்கு நாட்டுக் கிராமங்களின் தனிக்கிணறுகளும் இந்த வரலாற்றைச் சேர்ந்தவை. வீடு வாடகைக்கு விடும்போது சாதி கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அப்படியிருந்தும், தென்மாவட்டங்களிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் ஒரே குழாயில் வாளி வைத்து, ஒரே அறையில் அடுத்தடுத்துக் குளித்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள். தீட்டைப் பற்றிய பழைய கணக்கு அங்கே செல்லுபடியாவதில்லை. பல நூற்றாண்டு விவாதங்கள் செய்யாததை ஒரு பொதுக் குழாய் ஓரளவு செய்திருக்கிறது என்பதைப் பெருமையோடு சொல்லலாம்.

ஆற்றில் குளிப்பதே சிறந்தது என்ற விதிக்கு இந்த வட்டாரத்தில் நேர்ந்த கதி தனியாகச் சொல்லத் தக்கது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் நொய்யலைப் பேரூர்ப் புராணம் காஞ்சி நதி என்று போற்றுகிறது. பேரூர்ப் படித்துறையில் முன்னோர் கடன் கழிக்க இன்றும் மக்கள் கூடுகிறார்கள். ஆறு கீழே இறங்கித் திருப்பூரை அடைந்தபோது வேறொன்றாகியது. பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றச் சுமார் 60 டிகிரி வெந்நீரும், சாயத்தை இழைக்குள் தள்ள ஏராளமான உப்பும் வேண்டும். சாயம் துணியில் தங்கும்; உப்பு தங்காது, அவ்வளவும் கழிவுநீரோடு வெளியேறும். சாயப்பட்டறைகள் அதை நொய்யலில் விட்டன. பாசனத்துக்காகச் சென்னிமலைக்கு அருகில் கட்டி 1992-இல் முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர்த் தேக்கமாகிப்போனது. கீழ்ப்பகுதிக் கிணறுகள் உவர்த்தன. உழவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு மாறிய பிறகே அவை மெல்ல மெல்லத் திறந்தன.

இந்தக் கேட்டை மரபு எதிர்பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. மனு ஸ்மிருதியின் நான்காம் அத்தியாயம் நீரில் போடக்கூடாதவற்றை வரிசைப்படுத்தும்போது மலம், சிறுநீர், எச்சில், இரத்தம் ஆகியவற்றோடு நஞ்சையும் சேர்த்துச் சொல்கிறது. யாக்ஞவல்கிய ஸ்மிருதியில் இன்னும் அருமையான விதி ஒன்று உண்டு: பிறர் வெட்டிய குளத்தில் குளிக்க வேண்டுமானால் முதலில் அதிலிருந்து ஐந்து உருண்டை மண்ணை எடுத்து வெளியே போட வேண்டும். குளிக்க வருகிறவர் ஒவ்வொருவரும் தூர் வாரிவிட்டுத்தான் குளிக்கலாம். குளியலுக்கு விலை உண்டு, அது நீருக்கே செலுத்தப்படும் விலை என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. எவ்வளவு நீர், எத்தனை சூடு என்பதில் விட்டுக்கொடுத்த நூல்கள் இதில் விட்டுக்கொடுக்கவில்லை. வாளி நீரில் குளிக்கும் தொழிலாளியின் நீராடலில் குறை காண்பவர்கள் ஆற்றை உப்பாக்கியதன் சமயப் பொருளை முதலில் ஆராய வேண்டும். பிறருடைய கிணற்றைக் கெடுத்துச் சேர்த்த பணத்தில் காசிக்குப் போய் மூழ்குவது, இந்த நூல்களின் சொந்த அளவுகோலிலேயே நீராடல் ஆகாது. திருப்பூரை ஒட்டிய சர்க்கார் பெரியபாளையத்தில், பழமையான சுக்ரீசுவரர் கோயிலுக்கு அருகிலுள்ள நஞ்சராயன் குளம் 2024 ஆகஸ்டில் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. தூர் வாரியும் கரை காத்தும் அதைப் பேணுவதில் பங்கெடுப்பவர்கள் அந்த ஐந்து உருண்டை மண்ணின் கடனைத்தான் கழிக்கிறார்கள்.

மீதமிருப்பது சுத்திகரித்த நீர் பற்றிய கேள்வி. சாயக் கழிவுநீரை எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் வடிகட்டி, மிஞ்சும் உப்பு நீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி, அந்த ஆவியைக் குளிரவைத்து மீண்டும் தொட்டிக்குக் கொண்டுவருகிறார்கள். இப்படிக் கிடைக்கும் நீரை இப்போது துணிக்கே திருப்பிவிடுகிறார்கள். நாளை அது குளியலறைக்கு வந்தால் கடமைக்கு ஆகுமா? வீட்டுக் கழிவுநீரைப் பொறுத்தவரை இஸ்லாமிய அறிஞர்கள் இதை முன்பே ஆராய்ந்துவிட்டார்கள். சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் அவை 1978-இல் வழங்கிய தீர்ப்பின்படி, நிறம், மணம், சுவை மூன்றும் பழைய நிலைக்குத் திரும்பும் அளவுக்குச் சுத்திகரிக்கப்பட்ட நீர் ஒளுவுக்கும் குளியலுக்கும் தகும். தர்ம சாஸ்திரங்களும் நீரின் தூய்மையை நிறம், மணம், சுவை கொண்டே சோதிக்கச் சொல்வதால் அவ்வழியிலும் தடையிருக்க நியாயமில்லை. ஆவியாகி மீண்டும் நீராவதைத்தான் மழையும் செய்கிறது. வெயிலோடு பெய்யும் மழையில் நனைவதைத் திவ்ய ஸ்நானம் என்று அந்த நூல்களே பெயரிட்டிருக்கின்றன.